வாசலைப் பார்த்து உட்காருகிறவன்

பங்குனியில் போன பந்தாட்டக் கோப்பைக்கு, எழவு வீட்டில் கேட்கிற மாதிரி, சித்திரை பிறந்தும் துட்டி கேட்டு ஓயவில்லை. இருளம்மாளின் இட்லிக் கடைக்கு வருகிறவர்கள் பெஞ்சில் உட்காருவதற்கு முன்னாலேயே அந்தப் பேச்சை எடுத்துவிடுவார்கள். ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற ரோட்டோரம், நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்ட கடை. விடிந்ததும் விடியாததுமாகப் பட்டாசு ஆபீசுக்கு நடக்கிறவர்களும், அச்சாபீசுக்குச் சைக்கிள் மிதிக்கிறவர்களும் அங்கே நின்று வயிற்றை நனைத்துக்கொண்டுதான் போக வேண்டும். வேறு கடை கிடையாது. ஊருக்கு ஒரே ஒரு கடை, ஒரே ஒரு பந்தாட்ட டீம்.

"ரெப்ரி சரியில்லப்பா" என்று ஆரம்பிப்பான் தங்கச்சாமி. அச்சாபீசில் தாள் தள்ளுகிறவன். விரலிடுக்கில் எப்போதும் பச்சை மையோ சிவப்பு மையோ இருக்கும். "அந்த ஆளு விருதுநகர்ல பொண்ணெடுத்தவரு. மாமனாரு ஊருக்கு எதுக்கால விசில் ஊதுவாராக்கும்?"

"ரெப்ரியைச் சொல்லாதலே" என்பார் சீனிவாசகம். அதே அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவர். பேப்பரில் வருகிற பந்தாட்டச் செய்தியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "வருசம் பூராம் நம்ம ஆட்டம் எப்பிடி இருந்துச்சு? சுந்தரபாண்டி காலுக்குப் பந்து வந்தா அதுக்குப் பெறகு அதுக்கு வேற வீடு உண்டா? கட்டிக்கிட்டவ மாதிரி வச்சுக்கிடுதான். வெம்பக்கோட்டைக்காரங்கிட்டயும் அப்பிடித்தான் தோத்தோம்."

"அங்கன தரை சரியில்ல."

"தரை அவனுக்கு மட்டும் சரியா இருந்துச்சாக்கும்!"

இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பேச்சு ஒரு இடத்தில் நிற்கும். காசிராஜன்தான் அதைக் கொண்டு வந்து நிறுத்துவார். சோடாக் கம்பெனி வைத்திருக்கிறவர். டீமுக்குப் பந்து வாங்கிக் கொடுப்பது, பனியன் தைத்துக் கொடுப்பது, ஆட்டக்காரர்களைத் திட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"என்ன பேசி என்னத்த. கோல்ல நின்னவன் நின்னிருந்தா கோப்பை இந்நேரம் எங் கடை அலமாரியில இருக்கும்."

அத்தோடு பேச்சு அடங்கிப்போகும். எல்லாரும் தட்டைப் பார்ப்பார்கள். ஏனென்றால் கோலில் நின்ற பெத்தணன் இருளம்மாளின் புருசன்.

"காசிராஜண்ணே, உங்களுக்கு இட்லி வேணுமா, சட்னி வேணுமா, எம் புருசன் வேணுமா?" என்பாள் அவள், கரண்டியை ஓங்கிக்கொண்டு.

"சட்னி விடு, தாயி. உம் புருசனை வச்சு நாங்க பட்டது போதும்."

நடந்தது இதுதான். பங்குனிப் பொங்கலை ஒட்டி நடந்த கடைசி ஆட்டம். எதிரில் விருதுநகர் டீம். சுந்தரபாண்டி ஒரு கோல் போட்டிருந்தான். ஆட்டம் முடியப் போகிற நேரம். ஜெயித்த மாதிரிதான். தங்கச்சாமிக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை. மடியில் கட்டிக் கொண்டுபோயிருந்த சரவெடியை எடுத்துக் கோலுக்குப் பின்னால் வைத்துக் கொளுத்திவிட்டான்.

முதல் வெடி வெடித்த மாத்திரத்தில் பெத்தணன் அங்கே இல்லை. கோலை விட்டு, கோட்டை விட்டு, கயிறு கட்டிய எல்லையைத் தாண்டி, வேலிக்கருவைக்கு அந்தப் பக்கம் குப்புற விழுந்து கிடந்தான். விருதுநகர்க்காரன் ஒருவன் எங்கிருந்தோ சும்மா தட்டிவிட்ட பந்து, ஆளில்லாத வீட்டுக்குள் கோழி நுழைகிற மாதிரி உருண்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு நம் டீமுக்குக் கால் ஓடவில்லை. இன்னொரு கோல் வாங்கித் தோற்றார்கள்.

பெத்தணன் பட்டாசு ஆபீசில் மருந்து கலக்குகிறவன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. நாலு பக்கமும் வாசல் வைத்த சின்ன அறை. எந்த வாசலுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. வாசலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். சத்தம் கேட்டால் என்ன ஏது என்று கேட்கக் கூடாது. எதையும் எடுக்கக் கூடாது. ஓட வேண்டும். அந்த ஓட்டம் மனசு யோசித்து ஓடுகிறதில்லை. கால் தானாக ஓடுகிறது. அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான். கல்யாணமான புதுசில் இருளம்மாள் கேலி செய்திருக்கிறாள்: "யாரு வாராகன்னு பாக்குதீக? உங்க மொதப் பொண்டாட்டியா?"

அப்புறம் ஒரு நாள் மருந்தறையில் தீ வந்தது. அவனும் கூட்டாளி சோலைமலையும் உள்ளே இருந்தார்கள். பெத்தணன் ஓடினான். சோலைமலை ஓடி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். என்னத்தைப் பார்த்தான் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு இருளம்மாள் அந்தக் கேலியை எடுக்கவில்லை.

கோப்பை போனதற்குப் பரிகாரம் என்ன என்று கடையில் பேச்சு வந்தபோது அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"வெடியை நீங்க போடாம இருந்தா என்ன?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும், அவள் ஏதோ பேசக்கூடாத பேச்சைப் பேசிவிட்ட மாதிரிப் பார்த்தார்கள்.

"என்ன மதினி சொல்லுதீக?" என்றான் தங்கச்சாமி. "ஊருக்கெல்லாம் வெடி செஞ்சு குடுக்கிறது நாம. நம்ம டீமு கோல் போட்டா நாம வெடி போடாம, கைதட்டிக்கிட்டு வரவா?"

"அதெல்லாம் ஆகாது" என்றார் காசிராஜன். "வெடியும் இருக்கணும், பெத்தணனும் நிக்கணும். பளக்கிட்டாப் பளகிரும். வண்டி மாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோயிப் பளக்கலையா?"

"மாடாக்கும் அவுக?"

"மாடு மெரண்டா மூக்கணாங்கயித்தைப் பிடிக்கலாம். இவன் மெரண்டு ஓடுனா எதைப் பிடிக்க?" காசிராஜனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "கூட்டாளியையே விட்டுட்டு ஓடுனவன்…"

சொல்லி முடிக்கவில்லை. பெத்தணன் வேலை முடிந்து வந்து கடைக்குப் பின்னால் குடத்துத் தண்ணீரில் மேல் கழுவிக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கவில்லை. எத்தனை கழுவினாலும் காதுமடலில் போகாத, மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி வெயிலில் மினுங்க, ஈரத்தோடு அவன் வந்து நின்றான்.

"காசிராஜண்ணே, இன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிப்போம்" என்றான். "எம்புட்டு வெடி வேணும்னாலும் போடுங்க."

அன்றிலிருந்து பொட்டலில் சாயங்காலமானால் அதே வேலை. கரிசல் புழுதி பறக்க, சுந்தரபாண்டி பந்தை உதைப்பான். பெத்தணனுக்குப் பின்னால் தங்கச்சாமி வெடி வைப்பான். முதலில் தூரத்தில் ஒற்றை வெடி. அப்புறம் கொஞ்சம் கிட்டத்தில். முதல் சில நாள் பெத்தணன் வேலிக்கருவைக்குத்தான் ஓடினான். முழங்கையெல்லாம் முள். அப்புறம் ரெண்டு எட்டு ஓடி நின்றான். அப்புறம் உடம்பு மட்டும் தூக்கிப் போட்டது. வைகாசி பிறக்கும்போது, காலடியில் வெடித்தாலும் கண் சிமிட்டுவதில்லை.

"கல்லுலே, கல்லு!" என்று கடையில் வந்து சொன்னான் தங்கச்சாமி. "மதினி, எனக்கு ஒரு இட்லி சேத்து வைங்க. உங்க புருசனை ஆளாக்குனது நானு."

வருகிற வருசக் கோப்பையை அப்போதே பேச்சிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சீனிவாசகம் போன சீசனைப் பற்றிய தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். "தோத்தது ஒருவகையில நல்லதுக்குத்தான். இல்லேன்னா இந்தக் குறை நமக்குத் தெரியாமலே போயிருக்கும்."

இருளம்மாளும் முதலில் சந்தோசப்பட்டாள். ஊர் வாயிலிருந்து புருசன் தப்பித்தால் போதும் என்றிருந்தது. ஒரு மத்தியானம் அவன் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, மொச்சைக் குழம்பை ஊற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அவன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

அவள் உள்ளே போய், தண்ணீர் இல்லாத பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து தள்ளிவிட்டாள். தெருநாய் குரைத்துக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டு வேலுத்தாய் "என்னடி ஒடஞ்சது?" என்று எட்டிப் பார்த்தாள். பெத்தணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு." நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "கேட்டும் அசையல, பாத்தியா?"

அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மருந்தறையில கேட்டா?"

"அது வேற, இது வேற. அங்கன போனா ஒடம்புக்குத் தெரியும்."

"ஒடம்புக்கு என்ன, ரெண்டு மூளையா இருக்கு? இங்கன நில்லு, அங்கன ஓடுன்னு பிரிச்சுப் பாக்க?"

"இந்தா, சும்மா கெட."

"நீங்க இனிமே கோல்ல நிக்கப் போகாதீக. கோப்பை வந்தா வருது, போனாப் போகுது."

அவன் கையை உதறிவிட்டு எழுந்தான். பாதிச் சோறு தட்டில் கிடந்தது. வாசற்படியில் போய் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"சோலைமலை போன அன்னைக்கும் ஓடுனேன். மேட்சுலயும் ஓடுனேன். அவன் ஆத்தா எதுக்கால வந்தா நான் சந்து மாறிப் போறேன். காசிராஜன் சொன்னதை நீயும் கேட்டயில்ல? ஒரு நாளாவது நான் நின்னேன்னு இருக்க வேண்டாமா?"

அவளுக்குப் பதில் இருந்தது. நீங்கள் நின்றிருந்தால் இந்தத் தட்டுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் அது. ஆனால் அவன் முதுகு அதைக் கேட்கிற முதுகாக இல்லை.

மறுநாள் கடையை வேலுத்தாயிடம் விட்டுவிட்டு, உச்சிவெயிலில் போர்மேன் ஊர்க்காவலன் வீட்டுக்கு நடந்தாள். அவர் முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். ஆபீசில் மருந்தறைக்கு யார் போவது, யார் போகக்கூடாது என்பதெல்லாம் அவர் வாக்கு.

"என்ன தாயி, இந்த வெயில்ல?"

"பனியன் குடுக்கிற அன்னைக்கு நீங்க கறிச்சோத்துக்கு வரணும், அண்ணாச்சி."

"நானா? பந்து உருண்டையா சதுரமான்னே எனக்குத் தெரியாதே."

"பந்தைப் பாக்க வேண்டாம். அவுகளைப் பாருங்க."

ஊர்க்காவலன் கிளறுவதை நிறுத்தினார். "ஏன், ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னாப் பொண்டாட்டி பேச்சுன்னு போயிரும். நீங்க ஒங்க கண்ணால பாத்து என்ன சொன்னாலும் சரி."

அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். மருந்தறை வேலை போகும். அதில்தான் கூலி கூட. அதில்தான் மரியாதையும் கூட. இதெல்லாம் தெரிந்துதான் நடந்து வந்திருந்தாள். திரும்பிப் போகும்போது மிளகாய் நெடி கண்ணில் ஏறியதோ என்னவோ, வழியெல்லாம் முந்தானையால் துடைத்துக்கொண்டே போனாள்.

பனியன் கொடுப்பு அந்த ஊரில் ஒரு சின்னத் திருவிழா. சீசன் முடிந்ததும் எல்லார் பனியனையும் திரும்ப வாங்கித் துவைத்து வைத்துவிடுவார்கள். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் கயிறு கட்டி அத்தனையையும் தொங்கப்போட்டு, பக்கத்தில் கிடா வெட்டிச் சோறு பொங்குவார்கள். காசிராஜன் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பனியனைக் கையில் கொடுப்பார். பெயர் வராதவன் அந்த வருசம் டீமில் இல்லை. அவன் கறிச்சோற்றைத் தின்றுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டும்.

சுந்தரபாண்டியைக் கூப்பிட்டபோது, "பந்தை அடுத்தவனுக்கும் குடுலே!" என்று கூட்டம் கத்தியது. கடைசியாகக் கயிற்றில் தனியாகக் கிடந்தது கோலில் நிற்கிறவனின் மஞ்சள் பனியன். காசிராஜன் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதை யாருக்குக் குடுக்கணும்னு நான் சொல்லப் போறதில்ல. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பெத்தணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோலில் போய் நின்றான். தங்கச்சாமி அவன் முதுகுக்குப் பின்னாலேயே சரவெடியை விரித்துக் கொளுத்தினான். படபடவென்று வெடித்துப் புகை எழும்பியது. பெண்கள் காதைப் பொத்தினார்கள். சுந்தரபாண்டி ஓடிவந்து ஓங்கி உதைத்தான். புகைக்குள்ளிருந்து ரெண்டு கை நீண்டு பந்தை நெஞ்சோடு அணைத்தது. கால் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

பொட்டலே ஆடியது. "தேறிட்டான்! தேறிட்டான்!" சீனிவாசகம் துண்டை மேலே எறிந்தார். பெத்தணன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து இருளம்மாள் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, போர்மேனைக் கூப்பிட்டிருக்க வேண்டாமோ என்றுகூட ஒரு நிமிசம் அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஊர்க்காவலன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது.

"பெத்தணா, தீப்பொறி எங்கன விழுந்துச்சு?"

"எந்தத் தீப்பொறி, அண்ணாச்சி?"

"பின்னால பாரு."

அவன் வேட்டியைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓரம் இன்னும் கருகிக்கொண்டே போனது. தங்கச்சாமி பாய்ந்து தன் உள்ளங்கையால் அதைத் தட்டி அணைத்தான். அணைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நாளையிலேருந்து நீ மருந்தறைக்கு வராத" என்றார் ஊர்க்காவலன். "பெட்டியில லேபில் ஒட்டுற பக்கம் போயிரு."

"என்ன அண்ணாச்சி இது!" சீனிவாசகம் முன்னால் வந்தார். "தைரியசாலிக்கு இதுதான் பரிசா?"

"தைரியசாலிக்கு எங்கிட்ட வேலை கெடையாது, ஐயா. ஓடுறவனுக்குத்தான் வேலை."

காசிராஜன் நீட்டிய பனியன் அவர் கையிலேயே தொங்கியது. பந்தாட்டம் பார்க்காத மனிதர் இன்றைக்கு எதற்கு வந்தார் என்று பெத்தணன் யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் கண் பெண்கள் பக்கம் வந்து இருளம்மாளிடம் நின்றது. அவள் தலையைக் குனியவில்லை.

அவன் பனியனை வெடுக்கென்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கறிச்சோறு தின்னாமலே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு இல்லை. "சோறு" என்பாள். வந்து உட்காருவான். லேபில் ஒட்டுகிற பக்கம் முழுக்கப் பெண்கள். "வாங்க கொளுந்தனாரே, பசை வாளியைத் தூக்குங்க" என்று அவர்கள் கேலி பேசுவதை வேலுத்தாய் வந்து சொல்வாள். அவன் விரலில் பசை காய்ந்து உரிய, காதில் அலுமினிய மினுக்கு இல்லாமல் வீட்டுக்கு வருவான். வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். பொண்டாட்டியின் கண்ணில் படட்டும் என்றே உட்காருகிற மாதிரி இருக்கும்.

பேசாத புருசனானாலும் உயிரோடு இருக்கிறான் என்று அவள் மனசுக்குச் சொல்லிக்கொள்வாள். இருக்கிறான். அது போதும்.

பொட்டலில் அதற்கப்புறம் வெடி வைக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கச்சாமி கொண்டுவருவதை விட்டுவிட்டான். உள்ளங்கையில் கொப்புளம் ஆறிய இடம் வெள்ளையாக நின்றுபோனது.

ஆடி வந்தது. ஆடிக்காற்று கரிசல் காட்டுப் புழுதியை வாரிக்கொண்டு வந்து இட்லித் தட்டில் போட்டது. அன்றைக்கு ஆபீசு விடுமுறை. பெத்தணனும் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், ரோட்டுக்கு முதுகைக் காட்டி. காசிராஜன், சீனிவாசகம், தங்கச்சாமி மூன்று பேரும் எதிரே. வரப்போகிற சீசன் எப்படி இருக்கும் என்ற பேச்சு, வழக்கம்போலப் போன சீசனுக்குத் திரும்பியிருந்தது.

"ரெப்ரி மட்டும்…" என்று தங்கச்சாமி வாயெடுத்தான்.

கூரைத் தகரத்தில் ஒன்று காற்றில் கிளம்பி, கம்பில் மோதிப் 'படார்' என்று அறைந்தது.

அது கீழே விழுவதற்குள் பெத்தணன் ரோட்டைத் தாண்டி எதிர்க்காட்டுப் பருத்திக்குள் நின்றான். கையில் கடித்த இட்லி. பெஞ்சில் இருந்த மற்ற மூன்று பேரும், இருந்த இடத்திலேயே, தகரம் விழுந்த இடத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகரம் தங்கச்சாமியின் தட்டை நசுக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு சாண் தள்ளியிருந்தால் அவன் தொடை.

பெத்தணன் கையில் இருந்த இட்லியைப் பார்த்தான். காட்டைப் பார்த்தான். அவ்வளவு தூரம் எப்படி வந்தோம் என்று அவனுக்கே விளங்காத மாதிரி நின்றான். பிறகு கடையைப் பார்த்தான். இருளம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அங்கிருந்து தெரியாது.

"போச்சு!" காசிராஜன் தலையில் அடித்துக்கொண்டார். "அடுத்த வருசக் கோப்பையும் போச்சு!"

தங்கச்சாமி நசுங்கிய தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாருக்கோ சொல்வது போலச் சொன்னான்:

"மேட்சு முடிஞ்ச பெறகு வெடி போட்டா என்ன, காசிராஜண்ணே?"

காசிராஜன் அவனைப் பார்த்தார். தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

பெத்தணன் ரோட்டைக் கடந்து மெதுவாக வந்தான். காலெல்லாம் பருத்திச் சருகு. அடுப்புப் பக்கம் வந்து, பனியன் கொடுப்புக்குப் பிறகு முதல்முதலாக அவளிடம் பேசினான்.

"நான் ஓடுனதைப் போர்மேன் அண்ணாச்சிகிட்ட யாரு போயிச் சொல்லுதது?"

மருந்தறைக்குப் போகவேண்டாம், லேபில் ஒட்டிக்கொண்டே இருங்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மினுக்கு இல்லாத அவன் காதுமடலைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

"நானே போயிச் சொல்லுதேன். மொதல்ல சாப்பிடுங்க."

அவன் தட்டை எடுத்து, புழுதியை ஊதிவிட்டு, புதுசாக ரெண்டு இட்லி வைத்தாள். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய், ரோட்டைப் பார்த்த பக்கமாகத் தட்டை வைத்தாள்.

அவன் அங்கே போய் உட்கார்ந்தான்.